முன்னொளி

லாங் பஜாரின் கிளைச்சந்தில்
செருப்புக் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவே
ஒடுங்கி நிற்கிறது இனாயத்துல்லா பாயின் கடை.
கண்ணாடிப் பலகைமேல்
மூன்று ஃபிளாஷ்களை நிறுத்தினார்,
பெண் பார்க்க வந்த வீட்டில்
தவறிப்போய் மூன்று மகள்களையும் நிறுத்திவிட்டதுபோல.

முதலாவது பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
'அடிச்சா கோட்டைச் சுவர் வரைக்கும் போகும்மா.'
கோட்டைச் சுவருக்கு யார் கல்யாணம் செய்கிறார்கள்?
நான் எடுப்பது எட்டடி தூரத்தில்
சந்தனக் கிண்ணத்தோடு வியர்த்து நிற்கும் மாமன்களை.

இரண்டாவது சின்னது, பைக்குள் அடங்கும்.
தலை திரும்பாது.
தலை திரும்பாதது எனக்கு ஆகாது.
நேராக அடித்தால் நெற்றிதான் மினுங்கும்,
பின்சுவரில் கறுப்பாய் இன்னொருவர் முளைப்பார்.
கூரையில் மோதிக் கீழே விழும் வெளிச்சம்தான்
மனிதர்மேல் உட்காரும்.

ஒன்பது வருஷமாய்
இந்தச் சீமையே எனக்குக் கூரைகளாகத்தான் தெரியும்.
சத்துவாச்சாரியில் வெள்ளை, பத்தடி, தங்கம்.
வாலாஜாவில் ரோஸ் பெயின்ட்:
மணப்பெண் ஜுரக்காரிபோல் இருப்பாள்.
குடியாத்தத்தில் ஆஸ்பெஸ்டாஸ்,
அதிலும் பாதி புறா எச்சம்.
பள்ளிகொண்டாவில் பச்சைச் சாமியானா,
அன்றைக்கு எல்லாரும்
குளத்துக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மூன்றாவது பழசு. நாலாயிரத்து இருநூறு.
யாரோ அவசரத்துக்கு விற்றுவிட்டுப் போனது.
'இதுல தானா ஒண்ணும் நடக்காது,
எல்லாம் கையாலதான் திருகணும்.
உங்களுக்கு எதுக்கு?'

எனக்கு ஏகாம்பரம் நினைவு.

போன வருஷம் வைகாசி, ராணிப்பேட்டை, அவர் மகள் கல்யாணம்.
நாற்பத்தொரு படத்தில் இருந்தார்,
நாற்பத்தொன்றிலும் கண்மூடி.
தாரை வார்க்கையில் மூடி,
சம்பந்தியைக் கட்டிப் பிடிக்கையில் மூடி,
வாசலில் சும்மா நிற்கையிலும் மூடி.
ஆல்பத்தைப் புரட்டிவிட்டு
சத்தியவாணி கேட்டாள்:
'அக்கா, அப்பா தூங்கிட்டே வந்தாரா?'

சிப்காட்டில் இருபத்தாறு வருஷம் வெல்டிங்.

விலை கூடின ஃபிளாஷ்
படத்துக்கு ஒரு நொடி முந்தி
சன்னமாய் ஒருதரம் மினுக்கி
எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அளந்துகொள்ளும்.
நமக்குத் தெரியாது, ஒரே மின்னல் என்போம்.
அவர் இமைக்குத் தெரியும்.
முதல் பொறிக்கே சாத்திக்கொள்ளப் பழகியது அது.
சாத்தாத ராத்திரிகளில்
கண்ணுக்குள் மணல் உருள
உருளைக்கிழங்கு வில்லை வைத்துப் படுத்தவர்.
என் ஃபிளாஷ் அளவெடுத்தது,
அவர் கண் தப்பித்துக்கொண்டது.
இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

பழசுக்கு முன்னொளி கிடையாது. ஒரே அடி.
இமை யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

பாயையே நிறுத்தி, தலையை மேலே திருப்பி
ஒன்று எடுத்துப் பார்த்தேன்.
கண் திறந்திருந்தது.
பின்னால் காலண்டரில்
மூன்று நாள் கிழிக்காமல் இருந்தது.
'இதையே குடுங்க.'
இருநூறு குறைத்தார்.
பேட்டரிக்குத் தனியாக வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் சத்தியவாணிக்கு வளைகாப்பு.
வீட்டுக் கூரை ஒன்பதடி, சுண்ணாம்பு.
வளையல் தட்டைத் தாண்டி
மின்விசிறிக்குக் கீழே அப்பாவை நிறுத்தினாள்.
முதல் படம் வெளுத்தது.
இரண்டாவது கறுத்தது.
'புது மிஷினா?' என்றார் யாரோ.
திருகித் திருகி நாலாவதில் விழுந்தார் ஏகாம்பரம்,
முழுசாய், இரண்டு கண்ணோடும்.

கேமராவை வாங்கி
வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார்.
'இவ்ளோ செவப்பா?'
கம்ப்யூட்டரில் வெளுக்கலாம் என்றேன்.
பதில் சொல்லவில்லை.
'இன்னொண்ணு எடும்மா' என்று
காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பேட்டரி சூடேறி இளைத்தது.
நானும் அவரும் காத்திருந்தோம்,
ஃபிளாஷின் முதுகில்
அந்தக் கடுகளவு சிவப்பு விளக்கு எரிய.
பின்பக்கம் இருப்பதால் அவருக்கு அது தெரியாது.
இருந்தாலும் விரியத் திறந்தபடி நின்றார்,
கண் டாக்டர் எழுத்துப் பலகைமுன்
முதல் வரிக்குக் காத்திருப்பவர்போல.